பால் உறையும் பொழுதும் ரப்பர் வேகும் நேரமும்

இட்டலி அவிக்கும் மகளிர் 'முதல் ஈடு', 'இரண்டாம் ஈடு' என்று கணக்கிடுவர். முறுக்குப் பிழிவோர் வழக்கும் அதுவே. கலத்தில் இடவேண்டியதை ஒரே தடவையில் இட்டு, வேண்டிய பக்குவம் வரும்வரை காத்திருந்து, முழுவதையும் எடுத்துவிட்டு, மீண்டும் புதிதாக இடுவதே ஈடு. இரசாயனத் தொழிலில் இம்முறையைக் குறிக்கும் 'பேட்ச்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பலர் பல புதுச் சொற்களை ஆக்கிப் பார்த்துள்ளனர். அடுக்களையிலே பழகிய சொல் ஒன்று கையருகே இருக்க, அகராதியைப் புரட்டுவானேன்? இக்கட்டுரையில் அம்முறையை ஈட்டு முறை என்றும், அதற்குரிய பாத்திரத்தை ஈட்டுக் கலன் என்றும் வழங்குகின்றேன்.

ஈட்டு முறையின் தலையாய வினா ஒன்றே: எவ்வளவு நேரம்? முன்னதாக இறக்கினால் மாவு. பிந்தி இறக்கினால் கல். கலனின் அளவும் அடுப்பின் சூடும் எத்துணைச் செம்மையாக இருந்தாலும், எடுக்கும் நேரம் தவறினால் அந்த ஈடு முழுவதும் வீணாகும். இவ்வினாவுக்கு மலாயாவில் நேர்ந்த ஒரு விடை, கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும், நம்மவர் கைபட்ட ரப்பர்ப் பாலை வைத்துக் கண்டறியப்பட்டது. தோட்டத்து ஸ்டோரில் பால் உறையும் தொட்டி ஓர் ஈட்டுக் கலன்; கடல் கடந்த தொழிற்சாலையில் ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைக்கும் அச்சு மற்றோர் ஈட்டுக் கலன். இரண்டாவது கலனின் நேரத்தை முதற் கலனில் நடந்தது நிர்ணயிக்கிறது என்பதே அவ்விடை. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை, தெளிவுறுவதற்குப் பல்லாண்டு பிடித்தது. சந்தை அதனை மதிப்பதற்கு அதனினும் நெடுங்காலம் ஆயிற்று.

நேரத்தைக் கணக்கிடும் கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் எரிப்பின் அளவைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என மூவகையாகப் பகுத்துள்ளனர். இவ்வளவு தீயில் இத்தனை சாமம் எரிக்க என்பது மருந்து செய்முறை. சாமம் என்பது ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். ஆனால் சாமக் கணக்கை மட்டும் நம்பி அவர்கள் இறக்கிவிடவில்லை. தைலம் காய்ச்சும்போது அடியில் திரளும் கற்கத்தை விரலால் உருட்டிப் பார்த்து, மெழுகு பதமா, கடுகு பதமா, மணற் பதமா என்று தேர்ந்தனர். நேரம் என்பது முன்கூட்டிய மதிப்பு. பதம் என்பது கண்கூடான சான்று. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருந்தமையை எண்ணி வியக்கலாம். எனினும் ஒன்றைச் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. பதம் பார்ப்பவன் முடிவை அறிவான். அம்முடிவு எப்பொழுது வரும் என்பதை, அளவும் சூடும் மாறிய புதிய ஈட்டிற்கு, முன்னரே கணக்கிட அவனிடம் வழியில்லை.

அவ்வழியை முதலில் எண்களால் காட்டியவர் வில்ஹெல்மி என்னும் செருமானியர். 1850-இல் அவர் கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்து, அது வேறு சர்க்கரைகளாகப் பிரியும் வேகத்தை ஒளியின் திருப்பத்தைக் கொண்டு அளந்தார். எந்த நொடியிலும் பிரியும் அளவு, அந்நொடியில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு ஏற்றதாக இருந்தது. சர்க்கரை குறையக் குறைய வேகமும் குறைந்தது. எனவே முழு அளவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. நடந்து செல்பவன் போகப்போகக் களைத்துத் தளர்வானாயின், முதல் மைலின் வேகத்தைக் கொண்டு பத்தாம் மைலின் நேரத்தை எவ்வாறு சொல்வது? வழியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அங்குள்ள வேகத்தால் நேரம் கண்டு, எல்லாவற்றையும் கூட்டவேண்டும். ஈட்டுக் கலனின் நேரக் கணக்கு முழுவதும் இக்கூட்டலே. கணிதர் இதனைத் தொகையீடு என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறினால் தெளிவாகும். ஒரு பொருளில் பாதி மாறுவதற்குப் பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கடைசிவரை மாறாதிருப்பின் இருபது நிமிடத்தில் முழுவதும் முடிந்துவிடும். வில்ஹெல்மியின் சர்க்கரையைப் போல எஞ்சிய அளவுக்கேற்ப வேகம் குறையுமாயின், இருபது நிமிடத்தில் முக்கால், முப்பதில் நூற்றுக்கு எண்பத்தேழரை, ஏறத்தாழ முப்பத்து மூன்றில் தொண்ணூறு, அறுபத்தாறில் தொண்ணூற்றொன்பது என்று செல்லும். இரண்டு பொருள்கள் சமமாகக் கூடி மாறும் வகையில், எஞ்சிய அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப வேகம் குறையுமாயின், தொண்ணூறு விழுக்காட்டுக்குத் தொண்ணூறு நிமிடமும், தொண்ணூற்றொன்பதுக்குத் தொளாயிரத்துத் தொண்ணூறு நிமிடமும் வேண்டும். பாதி வழி மூவர்க்கும் பத்தே நிமிடம். கடைசிச் சிறு பகுதியிலேதான் இத்துணை வேறுபாடு. ஆகவே தொழிற்சாலையில் 'கொஞ்சம்தானே மிச்சம்' என்று சொல்பவனை நம்பலாகாது. அந்தக் கொஞ்சத்திற்குத்தான் நேரமும் எரிபொருளும் செலவாகின்றன. சூட்டின் ஆற்றலோ இதனினும் பெரிது. பத்துப் பாகை சென்டிகிரேட் கூடினால் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவான மதிப்பீடு. 140 பாகையில் நாற்பது நிமிடம் எடுப்பது, 150 பாகையில் இருபதில் முடியும். 130 பாகையில் எண்பது ஆகும்.

இனி ரப்பருக்கு வருவோம்.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடுபட்டால் இவ்விரு குறைகளும் நீங்குவதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-இல் இம்முறைக்கு உரிமை பெற முந்திக்கொண்டார். உரோமரின் தீக்கடவுளான வல்கனின் பெயரால் இது வழங்கலாயிற்று. நெடுஞ்சங்கிலிகளாகக் கிடக்கும் ரப்பர் அணுத்திரள்களைக் கந்தகம் ஆங்காங்கே பாலமிட்டுப் பிணைக்கிறது. பாலம் குறைந்தால் ரப்பர் பிசுபிசுப்பு மாறாது; தேவைக்கு மேல் வெந்தால் வலுவிழந்து நாளடைவில் வெடிக்கும். இடையில் ஒரு நல்ல பதம் உண்டு. அப்பதம் வரும் நேரத்தை அறிவதே ரப்பர்த் தொழிற்சாலையின் உயிர்நாடி. 1912-இல் ஸ்பென்ஸ், யங் என்னும் இருவர், ரப்பரோடு கூடும் கந்தகத்தின் அளவு நேரத்தோடு நேர்க்கோடாக ஏறுவதைக் காட்டினர். மேலே சொன்ன மூவருள் முதலாமவன் நடை அது. இனிக் கணக்கு எளிது என்று உலகம் நினைத்திருக்கக்கூடும். ஆனால் வந்து சேர்ந்த ரப்பர் ஒரு தன்மையதாக இருக்கவில்லை.

பிரேசில் காட்டிலிருந்து வந்த பாரா ரப்பர், புகையில் ஒவ்வொரு படலமாக உறையவைத்துத் திரட்டிய உருண்டை. அழுக்கும் ஈரமும் மிக்கதாயினும், அது வேகும் நேரம் பெரும்பாலும் ஒரே சீராக இருந்ததென்று ஆலைக்காரர் அதனைப் போற்றினர். மலாயாவின் கதை வேறு. 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. 1890-களில் ரிட்லி பட்டையைக் காயப்படுத்தாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கிண்டர்ஸ்லி சகோதரர் காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1890-களின் இடையில் ரப்பரை விற்பனைப் பயிராக நட்டனர். கோலாலம்பூரிலிருந்து சாலாக் செலாத்தானைக் கடந்து காஜாங் செல்லும் இருப்புப் பாதையின் இருமருங்கும், மேற்கே கிள்ளான் வரையிலும், அடுத்த இருபதாண்டில் பால்மரக் காடாயின. அம்மரங்களை நட்டு, களையெடுத்து, வெட்டிப் பால் சுமந்தோர் சிலாங்கூரில் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பாலைக் கிள்ளான் துறைமுகத்திற்கு, அக்காலத்து வழக்கில் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, ரப்பராக்கிக் கொண்டு சென்ற இருப்புப் பாதையிலும் நம்மவர் பலர் உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்புகள் அதன் அடையாளம். 1913, 1914 ஆண்டுகளையொட்டி உலகில் தோட்ட ரப்பரின் அளவு காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. வெள்ளையாகவும் தூய்மையாகவும் வந்த அந்த ரப்பர் மீது ஆலைக்காரர் சொன்ன குறை ஒன்றே: ஒரு பெட்டியைப் போல மறு பெட்டி வேகுவதில்லை.

இக்குறையின் வேரைக் காண ஸ்டோருக்குள் நுழையவேண்டும். மரத்திலிருந்து வரும் பாலில் நூற்றுக்கு முப்பது முதல் முப்பத்தைந்து பங்கு ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். சிறிது புரதமும் சர்க்கரையும் உப்பும் உண்டு. புரதப் போர்வை பூண்ட நுண்துளிகள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அவ்விலக்கம் தணிந்து, துளிகள் ஒட்டித் திரள்கின்றன. ஜான் பார்க்கின் என்பார் இலங்கையில் பேராதனையில் 1898, 1899-இல் ஆராய்ந்து, அசெட்டிக் அமிலத்தை அளந்து சேர்க்கும் முறையைத் தெளிவாக்கினார். பிற்காலத்தில் அதனினும் குறைந்த அளவே வேண்டிய பார்மிக் அமிலம் பெரிதும் வழக்காயிற்று. வீட்டில் பாலுக்கு உறை ஊற்றும் தாய்க்கு இதெல்லாம் அயலானதன்று. உறைமோர் கூடினால் தயிர் புளிக்கும். குறைந்தால் விடிந்தும் உறையாது. தோட்டத்தில் அமிலம் ஊற்றாமலே விட்டாலும், பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அது தானே உறைவதைக் கண்டிருப்போம். மங்கில் எஞ்சிக் கட்டியாகும் கட்டிப்பால் அவ்வகையே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆய்வுச்சாலையில் அளவுகளைக் கொடுத்து நேரத்தைக் கேட்கிறோம். தோட்டத்திலோ நேரம் முன்னரே விதிக்கப்பட்டது. விடியற்காலையில் பெரட்டு, பின் பால் வெட்டு, முற்பகல் இறுதியில் பால் சேர்த்து ஸ்டோர், மறுநாட் காலையில் உருளையிட்டுத் தகடாக்கல். ஆகவே நேரம் தந்தது, காணவேண்டியது அமிலம். அன்று மாலைக்குள் உருளையிட வேண்டுமானால் கூடுதலாகவும், மறுநாள் போதுமானால் குறைவாகவும் ஊற்றவேண்டும். ஈட்டுக் கலனின் கணக்கைத் தலைகீழாகப் போடுவது இது. கணிதம் பயின்றார்க்கும் எளிதன்று. ஆனால் ஸ்டோர் வேலையாள் அதனை நாள்தோறும் செய்தார்.

அக்கணக்கைச் சிறிது பார்ப்போம். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டால், காலனுக்கு எத்தனை இராத்தல் ரப்பர் என்பது தெரியும். காலனுக்கு மூன்று இராத்தல் என்று காட்டிய 100 காலன் பாலில் 300 இராத்தல் ரப்பர் உண்டு. தகடு செய்யக் காலனுக்கு ஒன்றரை இராத்தலாகத் தணிக்கவேண்டும் என்பது வழக்கமான அளவு. அதற்கு இன்னும் 100 காலன் நீர் வேண்டும். பார்மிக் அமிலம் ரப்பரில் ஆயிரத்துக்கு நான்கைந்து பங்கு. அதாவது 300 இராத்தலுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை இராத்தல் வரை. இனி, மழை நீர் கலந்த பால் காலனுக்கு இரண்டரை இராத்தலே காட்டுகிறது. வேலையாளோ கருவியைப் பாராமல் வழக்கப்படியே நீரும் அமிலமும் ஊற்றிவிட்டார் என்று கொள்வோம். அப்பொழுது பால் ஒன்றேகால் இராத்தலாக நீர்க்கும். ரப்பரை நோக்க அமிலம் ஐந்தில் ஒரு பங்கு மிகும். தகடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் மிகுந்த நீர்ப்பும் மிகுந்த அமிலமும் அந்த ரப்பர் பின்னால் கந்தகத்தோடு வேகும் நேரத்தை நீட்டிவிடும். அமிலம் குறைந்தாலோ உறைநீர் பால்போல் வெளிறி, ரப்பர் வீணாகும். இரவெல்லாம் புளித்துத் தகட்டில் குமிழிகள் தோன்றும்.

இதனை ஐயமறக் காட்டியோர் கோலாலம்பூரில் இருந்த இரசாயன அறிஞர்கள். மலாய் ஐக்கிய நாடுகளின் வேளாண்மைத் துறை 1905-இல் அமைந்தது. அதன் இரசாயனப் பகுதியைச் சார்ந்த பி. ஜே. ஈட்டன், தம் துணைவர் கிராந்தம் முதலியோருடன் 1910-களில் நிகழ்த்திய ஆய்வுகள் ரப்பர் வரலாற்றில் நிலைபெற்றவை. அவர்கள் செய்தது எளிய செயல். பாலைப் பகுத்து வெவ்வேறு முறையில் பக்குவம் செய்தனர். ஒரு பகுதியை நன்கு கழுவி மெல்லிய கிரேப்பாக்கினர். மற்றொன்றைப் புகையிட்ட தகடாக்கினர். பிறிதொன்றைக் கழுவாமல் தடித்த கட்டியாகவே சில நாள் கிடக்கவிட்டுப் பிறகு உருளையிட்டனர். எல்லாவற்றையும் கந்தகத்தோடு ஒரே கலவையாக்கி, ஒரே சூட்டில், வெவ்வேறு நேரம் வேகவைத்து இழுத்துப் பார்த்தனர். வலிமையில் பெரிய வேற்றுமை இல்லை. அவ்வலிமையை எய்தும் நேரத்திலேதான் வேற்றுமை. கழுவிய கிரேப் மெதுவாக வெந்தது. தகடு அதனினும் விரைந்தது. அழுக்காகவும் நாற்றமாகவும் கிடந்த கட்டி எல்லாவற்றையும் முந்தியது.

காரணம் யாது? கட்டி கிடந்த நாட்களில் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கின்றன. அச்சிதைவில் பிறக்கும் காரத்தன்மையுள்ள பொருள்கள் கந்தகத்தின் வேலையை விரைவுபடுத்துகின்றன. கழுவக் கழுவ அவை நீங்குகின்றன. எனவே 'தூய்மை' என்று எண்ணிக் கழுவியது, வேகும் நேரத்தைக் கூட்டிற்று. வெள்ளை நிறமும் கண்ணாடி போன்ற தெளிவும் நல்ல ரப்பரின் இலக்கணம் என்று விலை கூறியோர், உண்மையில் மெதுவாக வேகும் ரப்பருக்கே அதிக விலை கொடுத்துவந்தனர் எனலாம். ஈட்டனும் துணைவரும் 1918-இல் தம் முடிவுகளை வேளாண்மைத் துறையின் வெளியீடாக விரிவாக அச்சிட்டனர். அக்காலத்தில் மலாயாவில் பணியாற்றிய ஸ்டாபோர்டு விட்பி, சாவகத்தில் இருந்த டி விரீஸ் ஆகியோரும் 1920-இல் வெளிவந்த தத்தம் நூல்களில் இதே பொருளை விரிவாக ஆராய்ந்தனர்.

அறிவியல் இவ்வாறு தெளிந்த பின்னும் சந்தை அசையவில்லை. தகட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்து, குமிழி உண்டா, பூஞ்சணம் உண்டா, நிறம் எத்தகையது என்று பார்த்துத் தரம் பிரிப்பதே வழக்கம். ஒரு குமிழிக்காகத் தோட்டத்துக்கு விலை குறைந்தது. வேகும் நேரம் மணிக்கணக்கில் மாறியதற்கு விலையில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாது. விரைந்து வேகும் கட்டியைப் பெரும்பாலான தோட்டங்கள் மேற்கொள்ளவில்லை. விற்கமுடியாத நன்மையால் பயனென்ன என்று துரைமார் கருதியிருத்தல் இயல்பே. எனக்கு இதில் வேறொன்றும் படுகிறது. ஸ்டோர் வேலையாளின் கைவினை ரப்பரின் உள்ளியல்பை ஆக்கிற்று. ஆனால் அவருடைய வேலையை மதிப்பிட்ட அளவுகோல் புறத்தோற்றத்தை மட்டுமே கண்டது. தொட்டியிலே மோந்தும், விரலால் அழுத்தியும், உறைநீரின் தெளிவைப் பார்த்தும் பொழுதறிந்த அந்த அறிவு வெறும் கைப்பழக்கம் என்றே ஒதுக்கப்பட்டது. சித்தர் மரபில் அதற்குப் பதம் என்று பெயர்; தோட்டத்தில் அதற்குப் பெயரே இல்லை.

இதற்கிடையில் ஆலைக்காரர் வேறு வழி கண்டனர். 1906-இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் ஓன்ஸ்லாகர் என்பார், அனிலீன் போன்ற கரிமப் பொருள்களைச் சிறிது சேர்த்தால் ரப்பர் விரைந்து வேகுவதைக் கண்டார். கட்டியில் புரதச் சிதைவு தானாகச் செய்ததை இங்கே மருந்து செய்தது. 1920-களில் மேலும் ஆற்றல் வாய்ந்த ஊக்கிகள் வந்தன. மணிக்கணக்கு நிமிடக் கணக்காயிற்று. ஊக்கியின் வேகத்தில் இயற்கையான வேறுபாடு ஓரளவு மறைந்தது, அறவே ஒழியவில்லை. குதிரை பூட்டிய வண்டியிலும் அச்சின் உராய்வு இருக்கத்தானே செய்யும்!

மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. கோலாலம்பூர் அம்பாங் சாலையில் அதன் ஆய்வுச்சாலையும், சுங்கை பூலோவில் அதன் பரிசோதனைத் தோட்டமும் விளங்கின. 1998 முதல் அது மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதி. சுங்கை பூலோவின் பரந்த நிலத்திலே இன்று குவாசா டாமன்சாரா என்னும் நகர்ப்பகுதி எழுந்துவருகிறது. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்நிலையத்தின் பணிகளுள் ஒன்று மிக நெருக்கமானது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ரப்பரை அது வேகும் விரைவைக் கொண்டு வகைப்படுத்தும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாதிரியை எடுத்து, நூறு பங்கு ரப்பருக்கு மூன்றரைப் பங்கு கந்தகமும், ஆறு பங்கு துத்தநாக ஆக்சைடும், அரைப் பங்கு ஸ்டியரிக் அமிலமும், அரைப் பங்கு ஊக்கியும் கலந்து, 140 பாகையில் நாற்பது நிமிடம் வேகவைப்பர். பிறகு குறித்த எடையால் இழுத்து, எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பர். அதிகம் நீண்டால் இன்னும் வேகவில்லை என்று பொருள். குறைவாக நீண்டால் விரைந்து வெந்தது என்று பொருள். அதற்கேற்ப, விரைந்து வேகும் ரப்பர்ப் பொதிக்கு நீல வட்டம், நடுத்தரத்துக்கு மஞ்சள் வட்டம், மெதுவானதற்குச் சிவப்பு வட்டம். கண்ணுக்குத் தெரியாத நேரம் முதன்முறையாகப் பொதியின்மேல் வண்ணமாகக் காட்சியளித்தது.

இதன் பயனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் ஆலையில், நடுத்தர ரப்பர் முப்பது நிமிடத்தில் பதம் பெறுகிறது என்றும், விரைவானது இருபத்தைந்திலும் மெதுவானது முப்பத்தாறிலும் பெறுகின்றன என்றும் பாவித்துக்கொள்வோம். வகை தெரியாதவன் எல்லாவற்றுக்கும் முப்பது நிமிடம் வைப்பான். ஒரு பகுதி மிகையாகவும் ஒரு பகுதி குறையாகவும் வெந்து வெளிவரும். அஞ்சி முப்பத்தாறு வைத்தால், ஒரு நாளில் அச்சில் ஏறும் ஈடுகளின் எண்ணிக்கை குறையும். அச்சைத் திறக்கவும் பொருளை எடுக்கவும் மீண்டும் நிரப்பவும் ஐந்து நிமிடம் ஆகுமானால், எட்டு மணி நேரத்தில் முன்னதற்குப் பதின்மூன்று ஈடு, பின்னதற்குப் பதினொன்று. ஈட்டு முறையில் வேகும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, நிரப்பி ஒழிக்கும் நேரத்தை மறப்போர் பலர். பாடநூல் எழுதுவோரிலும் சிலர் உண்டு.

1965-இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தது. எஸ்.எம்.ஆர். என்ற எழுத்துகளும் எண்ணும் பொதியில் பொறிக்கப்பட்டன. எஸ்.எம்.ஆர். 20 என்றால் நூற்றுக்கு 0.20 பங்குக்கு மேல் அழுக்கு இராது என்பது அன்றைய பொருள். சாம்பல், நைட்ரசன், ஆவியாகும் பொருள், நெகிழ்ச்சி நிலைக்கும் திறன் ஆகியவற்றுக்கும் எல்லை வகுத்தனர். கண்ணால் தரம் பார்த்த காலம் இவ்வகை ரப்பருக்கு முடிந்தது. கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் கூடப் பொடியாக்கிக் கழுவி உலர்த்தி அழுத்திப் பொதியாக்கும் ஆலைகள் எழுந்தன. அலையும் தட்டுடைய ரியோமீட்டர் என்னும் கருவி, ரப்பர் வேக வேக அதன் விறைப்பு ஏறுவதை வளைகோடாக வரைந்து தந்தது. தொண்ணூறு விழுக்காடு விறைப்பேறும் நேரத்தை அக்கோட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம். கடைசிப் பத்து விழுக்காட்டை ஏன் விட்டுவிடுகின்றனர் என்று மாணவன் கேட்பானாயின், மேலே சொன்ன எண்களை அவனுக்குக் காட்டலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் இன்று அரிதாகிவிட்டது. தோட்டங்கள் எண்ணெய்ப் பனைக்கும், பின்னர் வீட்டு மனைக்கும் இடங்கொடுத்தன. லயங்கள் இருந்த இடங்களில் நெடுஞ்சாலைகள். ஆயினும் கிள்ளான், மேரு வட்டாரங்களில் கையுறைத் தொழிற்சாலைகள் உள்ளன. இப்பொழுது அவற்றில் பெரும்பகுதி செயற்கைப் பாலால் செய்யப்படுவது. அச்சுக் கைகள் சங்கிலித் தொடராக ஓடிப் பாலில் மூழ்கி, அடுப்பைக் கடந்து வருவதால், கையுறை உருவாக்கம் ஈட்டு முறையன்று, ஓட்ட முறை. ஆனால் அத்தொடருக்குப் பால் ஆயத்தமாகும் இடம் இன்றும் ஓர் ஈட்டுக் கலனே. இயற்கை ரப்பர்ப் பாலில் கந்தகமும் ஊக்கியும் பிறவும் கலந்து, தொட்டியில் மெதுவாகக் கிளறி, மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் முதிரவிடுகின்றனர். பால் நிலையிலேயே, உறையாமலே, துளிகளுக்குள் கந்தகப் பாலங்கள் விழுகின்றன. குறைந்த முதிர்ச்சியில் எடுத்தால் கையுறை வலுப்பெறாது. மிகை முதிர்ச்சியில் எடுத்தால் துளிகள் ஒன்றோடொன்று நன்கு இணையாமல் படலம் விரிசல்விடும்.

எப்பொழுது எடுப்பது? அதற்குக் கணக்கும் உண்டு, வெப்பமானியும் உண்டு. அவற்றோடு ஒரு பழைய சோதனையும் இன்னும் வழக்கில் உள்ளது. சிறிது பாலைச் சம அளவு குளோரோபாமோடு கலந்து கிளறி, திரண்டு வருவதை ஆய்வாளர் பார்க்கிறார். பிசுபிசுத்து இழைபோல இழுபட்டால் எண் ஒன்று. பால் இன்னும் முதிரவில்லை. இழுத்தால் எளிதில் அறும் மென்மையான கட்டியானால் எண் இரண்டு. ஒட்டாத சிறு திரள்களானால் எண் மூன்று. உலர்ந்த பொடியாக உதிர்ந்தால் எண் நான்கு, முற்றிவிட்டது. மெழுகு பதமும் கடுகு பதமும் மணற் பதமும் அறிந்த நம் வைத்தியர் ஒருவரை அவ்வாய்வுச்சாலைக்கு அழைத்துச் சென்றால், அந்த நான்கு எண்களையும் அவர் விளக்கமின்றியே புரிந்துகொள்வார் என்று தோன்றுகிறது. கையுறைக்கு உகந்ததென்று பெரும்பாலும் கொள்வது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட நிலை. அந்நிலை வந்ததும் தொட்டியைக் குளிர்வித்து, வேகத்தைத் தணித்து, பாலைத் தொடருக்கு அனுப்புகின்றனர். கழுவிய தொட்டியில் அடுத்த ஈடு ஏறுகிறது.